உள்ளங்கையில் இருபத்து நான்கு

என் அக்காவைப் பற்றி ஊரில் யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் தங்கள் கையைத்தான் பார்த்துக்கொள்வார்கள். லாரி ஓட்டுகிறவன், வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள், எல்லோரும் அவளிடம் வாங்கியவர்கள். "பிரம்பு டீச்சர் தங்கச்சியா நீங்க?" என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடி வாங்கியதில் இவர்களுக்கு அப்படி என்ன பெருமையோ தெரியவில்லை.

நான் தையல்காரி. பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே கடை வைத்துச் சீருடை தைக்கிறேன். அதனால் இதில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி அக்கா சொன்னது. அக்கா அடிப்பாள், ஆனால் பொய் சொல்ல மாட்டாள்.

எங்கள் அப்பா கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பெல்ட்டைக் கழற்றுவார். காரணம் எல்லாம் அவருக்கு வேண்டாம். அவர் அம்மாவை அடிப்பார், அம்மா அக்காவை அடிப்பாள், அக்கா என்னை அடிப்பாள். நான் கடைக்குட்டி, எனக்கு அடிக்க ஆளில்லை. தலையணையைப் போட்டுக் குத்துவேன். ஒருநாள் அம்மாவின் முகத்தில் பெல்ட்டின் இரும்புக் கொக்கி பட்டு நெற்றி கிழிந்தது. அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அடுத்த வீச்சைக் காற்றிலேயே பிடித்து, மணிக்கட்டில் சுற்றி ஒரே இழுப்பு. அப்பா தண்ணீர் டிரம்மில் போய் மோதி விழுந்தார், உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். "இனிமே இந்த வீட்ல கை ஓங்குறது நான் மட்டுந்தான்" என்றாள். நான் கைதட்டினேன். வீட்டில் அடி நிற்கப்போகிறது என்று நினைத்தேன், முட்டாள். அடிக்கிற ஆள்தான் மாறியிருந்தது.

அந்தக் கையை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். விளையாட்டுப் போட்டியில் குண்டு எறிந்து பரிசு வாங்கினாள், அந்தப் பரிசைக் காட்டி விளையாட்டு டீச்சர் வேலை வாங்கினாள். கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை மூன்றாம் மாதம் ஒரு அறை விட்டான். இவள் குக்கர் மூடியால் திருப்பிக் கொடுத்தாள். முன்பல் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவன் போனவன்தான், இன்றுவரை தகவல் இல்லை.

பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் சீக்கிரமே அக்காவின் கையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லோரும் படித்தவர்கள், மரியாதைப்பட்டவர்கள், பிள்ளைகளை அடித்துக் கையை அழுக்காக்கிக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தப்புச் செய்த பிள்ளையின் உள்ளங்கையில் சாக்பீஸால் ஒரு எண் எழுதுவார்கள். மூன்று என்றால் மூன்று அடி, ஐந்து என்றால் ஐந்து. பிள்ளை அந்தக் கையை ஏந்திக்கொண்டு மைதானத்துக்கு வந்து அக்காவிடம் காட்ட வேண்டும். எண்ணிக்கை முடியும்வரை பிரம்பு விழும். ஏன் எதற்கு என்று அக்கா கேட்க மாட்டாள். பிள்ளையும் பேசக் கூடாது, வாயைத் திறந்தால் ஒன்று கூடுதல். பெற்றோர்களுக்கும் இது தெரியும். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க" என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தானே. எப்போதாவது கோபம் வந்தால் எழுதிய வாத்தியாரிடம் சண்டைக்குப் போவார்கள். அக்காவிடம் யாரும் வர மாட்டார்கள். எண் போட்டவர்தான் பொறுப்பு என்பது ஊர் வழக்கம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெளிநாட்டு வாத்தியார் வந்தார். ஒரு வருஷத்துக்கு ஆங்கிலமும் பூகோளமும் நடத்த ஏதோ ஒரு சங்கம் அனுப்பியது. ஆள் வாசற்படியில் குனியாமல் நுழைய முடியாது. பிள்ளைகள் முதல் நாளே 'ஏணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் கடைக்கு ஒரு கால்சட்டையை நீளமாக்கித் தரச் சொல்லி வந்தார். மடித்துத் தைத்ததை எல்லாம் பிரித்தும் கணுக்காலைத் தொடவில்லை. "சார், இதுக்கு மேல துணியும் இல்ல, கடவுளும் இல்ல" என்றேன். பாதி புரிந்து முழுசாகச் சிரித்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கொஞ்சம் கொஞ்சம் வரும். மறதிக்காரர். வாங்க வேண்டிய சோப்பு, பிள்ளைகளின் பெயர், எல்லாவற்றையும் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்வார். இடது கை எப்போதும் நீலமாகத்தான் இருக்கும்.

வந்த வாரமே மைதானத்தில் அக்கா ஒரு பையனை விளாசுவதைப் பார்த்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. நேரே தலைமையாசிரியரிடம் போய், இது நடக்கக் கூடாது, நடந்தால் சங்கத்துக்குச் சொல்லிவிடுவேன் என்றார். தலைமையாசிரியர் இனிமேல் நடக்கவே நடக்காது என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போனதும் அக்காவைக் கூப்பிட்டு, "நீங்க பின்னாடி ஸ்டோர் ரூமுக்குப் போயிடுங்கம்மா. அவர் கண்ணுல படாம பாத்துக்குங்க" என்றார். மற்ற வாத்தியார்களிடமும் அவர் முன்னால் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆக, ஏணி சாருக்கு அடி தெரியும். சாக்பீஸ் எண் தெரியாது. ஒருத்தரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. "எங்கிருந்தோ வந்தவன் எனக்குப் பாடம் எடுக்கிறானா? ஓட்டைப் பந்து, ஒடிஞ்ச ஸ்டூலோட என்னையும் சேத்து உள்ள தள்ளிட்டாங்கடி. அவனும் ஒரு நாள் இந்தப் பிள்ளைங்ககிட்ட மாட்டுவான். அன்னைக்கு என் வாசலுக்கு வருவான் பாரு" என்று என்னிடம் கொட்டினாள். நானும் "வரட்டுமே" என்று பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண், பட்டறை மெக்கானிக்கின் மகள். வாய் ஓயாது. அதனால் 'ரேடியோ' என்று பெயர். அளவெடுக்கும்போதுகூடச் சும்மா நிற்க மாட்டாள், என் ஊசி எந்த நாட்டில் செய்தது என்று கேட்பாள். அன்றைக்கு வகுப்பில் ஏணி சார், உலகத்திலேயே எது பெரிய நாடு என்று கேட்டிருக்கிறார். மொத்த வகுப்பும் "நம்ம நாடுதான்!" என்று கூரை பிய்யக் கத்தியிருக்கிறது. சார் சிரித்துக்கொண்டே, எப்படி என்று கேட்டார். ரேடியோ எழுந்தாள்.

"சார், இந்தப் புஸ்தகத்துல உங்க நாட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்து நாட்டுக்கு ஒரு பக்கம். எல்லா நாட்டுக்கும் ஒரு பக்கந்தான். எங்க நாட்டுக்கு மட்டும் நடுவுல ரெண்டு பக்கம். அப்ப நாங்க எல்லாரையும் விட ரெண்டு மடங்கு!"

அவள் சொன்னதில் தப்பு அவளுடையதா? எங்களுடையது சின்ன நாடு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூட வரைபடப் புத்தகம் அப்படித்தான் இருந்தது. ஒரு நாடு ஒரு பக்கம், பெரியதோ சின்னதோ பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வகுப்புச் சுவரிலோ எங்கள் நாடு மட்டும், கதவு உயரத்துக்கு. உலகப் படம் ஒன்று இருந்தது. அது தலைமையாசிரியர் அறையில் சுருட்டி வைத்தபடியே கரையான் தின்றுவிட்டது. நான் படித்த காலத்திலும் இதே புத்தகம்தான், நானும் இதையேதான் நம்பினேன்.

ஏணி சாருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. தானும் சின்ன வயதில் தன் நாடு பாதி உலகம் என்று நினைத்ததாகவும், தன் பள்ளிக்கூடப் படத்தில் அது மேலே பெரிதாகத் தொங்கியதுதான் காரணம் என்றும் சொன்னாராம். பிறகு பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து அதில் தன் நாட்டை வரைந்தார். அதே அளவுக் கணக்கில் எங்கள் நாட்டைத் தனித் தாளில் வரைந்து வெட்டி ரேடியோவிடம் கொடுத்தார். அவள் முட்டி போட்டுத் தவழ்ந்து, அந்தத் துண்டை வைத்து வைத்து ஓரம் வரைந்து எண்ணினாள். இருபத்து நான்கு முறை வந்தது. வகுப்பு வாயைப் பிளந்தது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஆனாலும் கண்டுபிடித்தது தான்தானே என்று குதித்தாளாம். "வீட்டில் அப்பாவிடம் சொல்லு, மறக்காதே" என்று சொல்லி, தன் கையில் எழுதிக்கொள்கிற அதே பழக்கத்தில், அவள் உள்ளங்கையில் சாக்பீஸால் 24 என்று பெரிதாக எழுதினார்.

வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு நொடி மூச்சு நின்றிருக்கும். சார் சிரிக்கிறாரே என்று அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

இடைவேளை மணி அடித்தது. தண்ணீர்க் குழாயடியில் கணக்கு வாத்தியார் அந்தக் கையைப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"ஏணி... வெளிநாட்டு சார், சார். அது வந்து சார்—"

"அவரே போட்டாரா? அப்ப பேச்சென்ன? போ, போய் வாங்கிட்டு வா."

காதைப் பிடித்து ஸ்டோர் ரூம் வாசலில் கொண்டுபோய் விட்டார். அக்கா எண்ணைப் பார்த்தாள். அதுவரை அந்தப் பள்ளியில் ஆறுக்கு மேல் யாரும் எழுதியதில்லை. அவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவளுக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. அதை அவளே என்னிடம் சொன்னாள். 'வந்துட்டான் பாரு, என் வாசலுக்கே வந்துட்டான். அவனே இருபத்து நாலு போட்டிருக்கான்னா இந்தக் கழுத என்ன பண்ணியிருக்கும்!'

"டீச்சர், இது அடி இல்ல டீச்சர், இது நம்ம—"

"வாயத் திறந்தா ஒண்ணு கூட."

ரேடியோ வாயை மூடினாள்.

அக்கா முழுக்கை வீசி அடித்தாள், குண்டு எறிந்த கை. ஐந்தாவது அடியில் தோல் சிவந்து உப்பியது. எட்டாவதில் பிளந்தது. வலது கை முடியாமல் போனதும் இடது கையை நீட்டச் சொன்னாள். பெண் நீட்டினாள். நடுவில் ஒரு தடவை கையை இழுத்துக்கொண்டதில் பிரம்பு விரல் மூட்டில் விழுந்து, சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். அதற்குப் பிறகும் அடித்தாள். சாக்பீஸ் எழுத்து ரத்தத்தில் கரைந்து போயிற்று. இருபத்து நாலு முடிந்ததும், வாயைத் திறந்ததற்கு ஒன்று. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து வழுக்கி உட்கார்ந்து, அங்கேயே வாந்தி எடுத்தாள். பிறகு புத்தகப் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். என் கடையைத் தாண்டித்தான் போனாள். நான் ஒரு காலரில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. பாவி.

மதியம் ஏணி சார் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் அழுதுகொண்டே சொன்னார்கள். அந்த ஆள் ஸ்டோர் ரூமுக்கு ஓடினார், பின்னால் வகுப்பே ஓடியது. தன் பாஷையில் கத்துகிறார், சுவரில் குத்துகிறார், அந்தச் செய்தித்தாள் படத்தைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் விரிக்கிறார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பிள்ளைதான் சொன்னது: "டீச்சர், அது அடி இல்ல டீச்சர். அவங்க நாட்டுக்குள்ள நம்ம நாடு எத்தனை வரும்னு எழுதுனது."

அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். கையிலிருந்த பிரம்பு எப்போது விழுந்தது என்று தெரியாது என்றாள்.

பெண் வீட்டில் வாயே திறக்கவில்லையாம், வெளிநாட்டு சார் இருபத்து நாலு போட்டார் என்ற பேச்சு மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து பட்டறைக்குப் போயிருந்தது. பள்ளி விடுகிற நேரத்தில் பட்டறைக்காரர்கள் வந்தார்கள். நான் பார்த்தேன். மெக்கானிக் முன்னால், கையில் சக்கரம் கழற்றுகிற பெரிய ஸ்பானர். பின்னால் பட்டறை ஆட்கள், டயர் கடைக்காரன், வழியில் சேர்ந்துகொண்ட வெட்டிப்பயல்கள். ஏணி சார் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போகத்தான் வெளியே வந்தார், தலைமையாசிரியர் தடுத்தும் கேட்காமல். "எழுதினவன் இவன்தான்டா!" என்றான் ஒருவன். அவ்வளவுதான். அந்த உயரத்தை முதலில் முட்டியில் அடித்துக் கீழே இறக்கினார்கள். பிறகு வயிறு, விலா, முகம். செருப்புக் கால்களுக்கு நடுவில் அவர் எங்கள் பாஷையில் அப்போது வாயில் வந்த ஒரே வார்த்தையாக "பொண்ணு, பொண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர்களை இன்னும் வெறியாக்கியது.

உள்ளே தலைமையாசிரியர் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டார். "நீங்க வெளிய போகாதீங்கம்மா. அவன் நாளைக்கு பிளேன் ஏறிடுவான். நீங்க இங்கதான் காலம் தள்ளணும்" என்றார் அக்காவிடம். அக்கா சாவியைக் கேட்டாள். அவர் தரவில்லை. சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்துச் சாவியைப் பிடுங்கினாள்.

விசிலை ஊதிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தாள். பழக்கதோஷம், பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், ஒரு நொடி நின்றுவிட்டார்கள்.

"அவர விடுங்கடா! அடிச்சது நான். உன் பொண்ண அடிச்சது நான்யா!"

"டீச்சர், நீங்க ஒதுங்குங்க" என்றான் மெக்கானிக், மரியாதையாகவே. "உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. போட்டதை அடிச்சீங்க. எழுதினவன் கைய ஒடிக்காம போக மாட்டேன்."

"யோவ், அது அடிக்கணக்கே இல்லய்யா! நம்ம நாட்டப் போல இருபத்து நாலு சேத்தாத்தான் அவர் நாடு வரும்னு எழுதுனது. உன் பொண்ணே எண்ணிக் கண்டுபிடிச்சது. நான்தான் கேக்கல!"

சத்தம் அடங்கியது. காப்பாற்றிவிட்டாள் என்று நான் நினைத்தேன். அப்போது டயர் கடைக்காரன் கேட்டான், "அப்ப நாம இவன் நாட்டுல இருபத்து நாலுல ஒரு பங்குன்னா எழுதினான்?"

"பச்சப்புள்ள கையில நம்ம நாட்டையே கேவலமா எழுதி அனுப்பியிருக்கான்டா!"

ஐயோ, அந்தக் கூச்சலை நான் எப்படிச் சொல்வேன்? அதுவரை ஒரு பெண்ணின் கைக்காக வந்தவர்கள் அந்தப் பெண்ணையே மறந்துவிட்டார்கள். நாட்டின் அளவு ஸ்பானராலும் கம்பியாலும் மாறிவிடும் என்பது போல அடித்தார்கள். அக்கா இனிப் பேச்சு உதவாது என்று கண்டுகொண்டாள். கீழே கிடந்தவருக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றாள். முதலில் வந்தவனின் மூக்கை உடைத்தாள். இன்னொருத்தன் தாடையில் முழங்கையால் விட்டாள். நான் துணி வெட்டும் பெரிய கத்திரியோடு ஓடி டயர் கடைக்காரன் தொடையில் ஒரு குத்து விட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. மெக்கானிக் ஏணி சாரின் தலைக்குக் குறிவைத்து ஸ்பானரை இறக்கினான். அக்கா வலது கையைக் குறுக்கே நீட்டினாள். அந்த முழங்கை நொறுங்கிய பிறகுதான் அவன் நிறுத்தினான். நம்ம டீச்சரை அடித்துவிட்டோமே என்றுதான் எல்லோரும் பதறினார்கள். அந்த மனுஷனைப் பார்த்துப் பதற ஒருத்தர் இல்லை.

அவர் பிழைத்தார். விலா உடைந்தது, ஒரு காது கேட்காமல் போயிற்று. சங்கத்து ஆட்கள் வந்து ஸ்ட்ரெச்சரில் எடுத்துப்போனார்கள். போகும்போதும் அந்தப் பெண்ணின் விரல் சேர்ந்துவிட்டதா என்று கேட்டார். வழக்கு கிழக்கு ஒன்றும் இல்லை, ஊரே கூடிப் பேசி அமுக்கிவிட்டது. தலைமையாசிரியர் கூட்டத்தில் துரதிர்ஷ்டம் என்றார். அந்த வகுப்பில் இன்றைக்கு எது பெரிய நாடு என்று யார் கேட்டாலும், நம் நாடு என்றுதான் சொல்வார்கள். தெரியாமல் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார்கள்.

அக்காவின் கை மடங்கியபடியே நின்றுவிட்டது. சோறு இடது கையால் சாப்பிடுகிறாள். பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள், சும்மா வந்து உட்கார்ந்தால் போதும், பிள்ளைகள் உங்களைப் பார்த்தாலே அடங்குவார்கள் என்று. இவள் போகவில்லை. பகலெல்லாம் என் கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பாள், எழுந்திருப்பாள், செருப்பை மாட்டுவாள், திரும்ப உட்காருவாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடி போவேன்?" என்பாள்.

கடைசியில் அவர்களே வந்தார்கள். ஒரு மத்தியானம் மெக்கானிக் மகளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தான். எண்ணெய்க் கறைக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நடந்தது நடந்துபோச்சு டீச்சர். கை தவறிப் பட்டுடுச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்றான். பிறகு, "இவளப் பாருங்க. பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. வாயத் திறந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா. நானும் அடிச்சுப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குறா. உங்க கைக்குத்தான் பயப்படுவா. இடது கையாலயாவது ரெண்டு போட்டு விடுங்க டீச்சர்" என்றான்.

அவன் பேசி முடிப்பதற்குள் அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். யாரும் நீட்டச் சொல்லவில்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஒரு விரல் கோணலாகச் சேர்ந்திருந்தது.

அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டாள். இடது கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கோணல் விரல் முழுசாக மடங்கவில்லை.

"மடக்கிக்கோ கண்ணு. யாரு கேட்டாலும் நீட்டாத. உங்கப்பன் கேட்டாலும் நீட்டாத. நான் கேட்டாலும் நீட்டாத."

பெண் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். அக்கா கையை எடுத்ததும், மெதுவாக விரல்களை விரித்து மறுபடி நீட்டினாள்.

பெல்ட்டுக்கு அழாத என் அக்கா, முழங்கை நொறுங்கியபோது அழாத என் அக்கா, அந்த ஆள் முன்னால் வாய்விட்டுக் கதறினாள். கதறிக்கொண்டே மறுபடி மடக்கினாள். அவள் மடக்க மடக்க அந்தப் பெண் நீட்டிக்கொண்டே இருந்தாள்.